குழாயில் ஓர் அணை பிறந்த கதை

சின்ன காஞ்சிபுரத்துத் திருவெஃகா பெருமாளின் கதை இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். பிரம்மாவின் யாகத்தை அழிக்க வேகவதியாகப் பாய்ந்துவந்த சரஸ்வதிக்குக் குறுக்கே, அணையாகப் படுத்துக்கொண்டவர் அவர். போன மாதம் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி கிடந்தபோது அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது.

இருபது வருஷத்துக்கு முன் அடைத்த ‘வெள்ளி’யை டாக்டர் குடைந்து எடுத்தார். துப்பினேன். கருஞ்சாம்பல் பொடி கிண்ணத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டைக்குள் இறங்கியது. வெள்ளி என்பது பேருக்குத்தான். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அந்தக் காலத்தில் கல்வத்தில் அரைத்து, மிஞ்சிய பாதரசத்தைத் துணியில் வைத்துப் பிழிவார்களாம்.

பாதரசம் தண்ணீரில் போனால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் மினமாட்டா 1956-இல் உலகுக்குக் காட்டியது. ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, மனிதரின் நரம்பைத் தின்றது. தாயின் வயிற்றிலிருந்த சிசுவும் தப்பவில்லை.

பல் மருத்துவமனைக்கான அணை பிறந்தது எளிய கணக்கிலிருந்து. அமால்கம் எனப்படும் இந்த ‘வெள்ளி’க் கலவை தண்ணீரைவிடப் பத்து மடங்கு போலக் கனம். ஓட்டத்தைச் சற்று நிறுத்தினால் தானே அடியில் தங்கிவிடும். உறிஞ்சுகுழாய்க்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சின்னத் தொட்டி, அதுதான் அமால்கம் செப்பரேட்டர். ஜெர்மனி போன்ற நாடுகள் முதலில் கட்டாயமாக்கின. 1999-இல் ஐஎஸ்ஓ 11143 தரம் வந்தது: குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும். அமெரிக்கா 2017-இல்தான் விதி போட்டது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. குழாயை ப்ளீச் ஊற்றிக் கழுவக்கூடாது. ஊற்றினால் தங்கிய பாதரசம் கரைந்து ஓடிவிடும். இது எல்லா டாக்டருக்கும் தெரிந்தாக வேண்டிய விஷயம்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் 2013-இன் மினமாட்டா உடன்படிக்கையில் 2018-இல் இந்தியாவும் சேர்ந்தது. இப்போது பல இடங்களில் வெள்ளைக் கலவையைத்தான் அடைக்கிறார்கள். ஆனாலும் அப்பா அம்மா வாயிலுள்ள பழைய வெள்ளி என்றாவது குடைந்தெடுக்கப்படும். பழைய பட்டுப்புடவையை விலைக்கு வாங்கி ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கும் ஊர் இது. தொட்டியில் தங்கும் வண்டலையும் அப்படித்தான் சுத்திகரித்து உலோகத்தை மீட்கிறார்கள்.

“இந்தத் தண்ணி எங்க போகுது, டாக்டர்?”

“சாக்கடைக்குத்தாங்க.”

சொல்லிவிட்டு அவரே குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் நாற்காலிக்கு அடியில் பார்த்தார். குழாய் நேராகச் சுவருக்குள் போனது. சுவருக்கு முன்னால் ஓரடி இடம் இருந்தது.