கோணிக்காரர் எடுக்காத பை

பழைய தாள், புட்டி, தகரம், கந்தல் துணி ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று காசு கொடுத்து வாங்கி, சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து சென்றவர்களுக்குச் சிங்கப்பூரில் ‘காராங் கூனி’ என்று பெயர். ஜொகூர் நீரிணையின் குறுக்கே 1924-இல் பாலம் திறக்கப்பட்ட பின் இரு கரைகளுக்கும் பொதுவாகிவிட்ட எத்தனையோ சொற்களோடு இதுவும் ஜொகூர் பாருவில் புழங்குகிறது. காராங் என்பது ‘காருங்’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு, அதற்குப் பொருள் பை. கூனி என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல: மலாயின் கூனியும் தமிழின் கோணியும் ஒரே இந்திய மூலத்தைச் சேர்ந்தவை. சொல் மட்டுமன்று, பையும் இந்தியாவிலிருந்தே வந்தது.

ஜொகூர் பாரு நகர மையத்திலிருந்து ஸ்கூடாய் செல்லும் சாலையில் உள்ள தம்போய், இன்று தொழிற்பேட்டைகளும் அடுக்கடுக்கான ‘தாமான்’ குடியிருப்புகளும் நிறைந்த புறநகர். இந்த வட்டாரம் முதலில் காடு. அதன்பின் சீனர்கள், ஆற்றோரக் குடியேற்றத் தலைவரான ‘கங்சூ’வின் கீழ் இயங்கிய முறையில், கம்பீரும் மிளகும் பயிரிட்ட நிலம். அந்த முறை 1917-இல் ஒழிக்கப்படுவதற்கு முன்பே ரப்பர் வந்துவிட்டது, ரப்பரோடு தமிழர்களும் வந்தார்கள். தம்போய் என்ற பெயரைத் தாங்கிய பழமரம் காட்டில் வளர்வது. கெட்டியான அதன் தோலே ஓர் உறை. பழம் தன் உறையோடு வருவதுபோல அக்காலத்து நுகர்பொருள் பலவும் மண்ணில் மக்கும் உறையோடு, அல்லது திரும்ப விலைபோகும் உறையோடுதான் கைக்கு வந்தன.

கோணியின் பயணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் 1855-இல் தொடங்கிய சணல் ஆலைகள் ஹூக்ளி ஆற்றங்கரை நெடுகப் பெருகின. அங்கே நெய்யப்பட்ட சாக்குகளில் பர்மா அரிசி ஏறி மலாயாவுக்கு வந்தது. தோட்டத்து அரிசிக் கிடங்கில் காலியான சாக்கு குப்பைக்குப் போகவில்லை. மீண்டும் மூட்டை கட்ட ஒரு முறை, கிழிந்தபின் மிதியடியாக, படுதாவாகப் பல முறை. 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்து பர்மா அரிசி நின்றபோது துணியும் நின்றது. மலாயா மக்கள் பலர் கோணியையே தைத்து உடுத்தினார்கள்.

போருக்கு முன்னும் பின்னும் கடைத்தெருவின் வழக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். மளிகைக்கடையில் பருப்பும் சீனியும் பழைய செய்தித்தாளில் கூம்பாகச் சுருட்டிக் கட்டப்பட்டன. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாழையிலையிலும் அதன்மேல் தாளிலும் மடிக்கப்பட்டது. சீனர்களின் வறுத்த கொய்தியாவ் நூடுல்ஸ் ‘ஒப்பே’ எனப்படும் பாக்கு மட்டையில் சூடாக ஏறியது. தமிழ்நாட்டில் பாக்கு மட்டைத் தட்டு என்ற பெயரில் பிற்காலத்தில் புதுமையாக விற்பனைக்கு வந்த பொருள், மலாயா அங்காடியில் யாரும் பெயர் சொல்லிப் பெருமைப்படாத சாதாரணப் பொட்டலம். எடுத்துச் செல்லும் கோப்பிக்கு, காலியான கெட்டிப்பால் டின்னின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கோத்துத் தொங்கவிட்டார்கள். நான்கு கேலன் மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர்க் குடமாகி, பிறகு வெட்டித் தட்டப்பட்டுக் கூரையிலும் வேலியிலும் போய்ச் சேர்ந்தது. குளிர்பானப் புட்டிக்கு முன்பணம் உண்டு. அதைத் தெருவில் விட்டெறிந்தால் அடுத்த சிறுவன் எடுத்துக் காசாக்கிவிடுவான்.

சமையலறைக் கழிவுக்கும் வாங்குவோர் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் மாடு வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அரிசி கழுவிய நீரும் காய்கறித் தோலும் தொட்டியில் சேர்ந்தன. சாப்பாட்டுக் கடைகளின் மிச்சத்தைச் சீனப் பன்றி வளர்ப்போர் வாளியில் அள்ளிச் சென்றார்கள். ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலைக்கூடப் பிய்த்தெடுத்து, தனியாக எடை போட்டுக் கூலியில் சேர்க்கும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் இந்த மக்கள். எதற்கும் எடை உண்டு, எடைக்கு விலை உண்டு என்பது அவர்களுக்கு அறவுரையாக வந்ததன்று, அன்றாடக் கணக்காக வந்தது.

அக்காலம் தூய்மையான காலம் என்று கொள்வது பிழை. விலைபோகாதது எரிக்கப்பட்டது, புதைக்கப்பட்டது, அல்லது ஆற்றில் போனது. மலாயா நகரங்களில் சுகாதார வாரியங்களின் கூலியாட்களாகத் தெருக்கூட்டியும் சாக்கடை அள்ளியும் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். குறைந்த கழிவு என்ற அந்த ஏற்பாட்டின் அடியில் வறுமையும் சாதியும் இருந்தன. காராங் கூனியின் தொழிலும் அத்தகையதே: மூலதனம் இல்லாத புதிய குடியேறி ஒரு சாக்கோடு தொடங்கக்கூடிய வேலை. தமிழ்நாட்டுத் தெருக்களில் ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவி வந்தவரின் உறவினர் என்றே இவரைச் சொல்லலாம், பேரீச்சம்பழத்துக்குப் பதில் சில்லறைக் காசு, அவ்வளவே.

இந்த ஏற்பாட்டை உடைத்தது ஒரே பொருள். இன்று கடைகளில் காணும் கைப்பிடி வைத்த பாலிஎத்திலின் பை, சுவீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்து 1965-இல் காப்புரிமை பெற்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது உலகெங்கும் பரவியது. தம்போயில் அது நிலைபெற்ற காலம், தோட்டம் சுருங்கித் தொழிற்சாலை பெருகிய காலத்தோடு ஒத்துப்போனது. ஷிஃப்ட் முறையில் வேலைக்குப் போகும் ஆணும் பெண்ணும் வீட்டில் மூன்று வேளையும் சமைக்க நேரமில்லாமல் ‘தப்பாவ்’, அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்கத் தொடங்கினார்கள். பால் டின்னின் இடத்தைத் தெளிவான பிளாஸ்டிக் பை பிடித்தது. தே தாரிக்கை ஊற்றி, ஓரத்தில் ரேஃபியா கயிற்றால் முடிச்சிட்டு, உறிஞ்சுகுழல் செருகித் தருவது ‘ஈக்காட் தெப்பி’ என்ற பெயரோடு ஒரு கலையாகவே ஆயிற்று. மூலப்பொருளும் தொலைவில் இல்லை. 1990-களில் ஜொகூரிலேயே, பாசிர் கூடாங்கில், டைட்டன் நிறுவனம் பாலிஎத்திலினும் பாலிபுரோப்பிலினும் தயாரிக்கத் தொடங்கியது.

குடியிருப்பின் அமைப்பும் சேர்ந்து மாறியது. லயத்துக்குப் பின்னால் மாட்டுத்தொட்டியும் குப்பைக்குழியும் இருந்தன. தாமானின் வரிசை வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு சந்தும் சாக்கடையும். வாழைத்தார் தொங்கிய கொல்லை சிமெண்டுத் தளமாயிற்று. மாடு போனது, அதோடு கழுநீரை வாங்கும் வாயும் போனது.

காராங் கூனி மட்டும் போகவில்லை, லாரிக்கு மாறினார். ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’, அதாவது பழைய செய்தித்தாள், என்று பதிவு செய்த குரல் ஓடும். தாள், அட்டைப்பெட்டி, அலுமினியக் குவளை, செம்புக் கம்பி, பழைய மின்கலம் எல்லாம் ஏறும். பிற்காலத்தில் பானம் நிரப்பும் பெட் புட்டிகளும் ஏறின. ஏறாதது பை. காரணம் எளியது. ஐந்தாறு கிராம் எடையுள்ள பையில் ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கும் மேல் வேண்டும். குழம்பும் எண்ணெயும் பட்ட பையைக் கழுவும் கூலி, பையின் விலையைவிட அதிகம். பலவகைப் பிளாஸ்டிக் கலந்தால் உருக்கியும் பயனில்லை. எடைக்கல் மறுத்த பொருளைச் சாக்கு ஏற்கவில்லை. பிளாஸ்டிக் சிக்கல் என்று பிற்காலத்தில் பேசப்பட்டதன் பெரும்பகுதி இந்த ஒரு மறுப்பில் அடங்கும்.

விலை செய்த வேலையைச் சட்டத்தால் செய்ய முயன்ற கதை அதன் பிறகு வருகிறது. வீட்டுவசதி, ஊராட்சி அமைச்சு 1993-இல் மறுசுழற்சி இயக்கத்தைத் தொடங்கியது. அது பிசுபிசுத்தது. 2000 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது தாளுக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆரஞ்சு என மூன்று வண்ணத் தொட்டிகள் பொது இடங்களில் வந்தன. நவம்பர் 11 தேசிய மறுசுழற்சி நாளாயிற்று. தொட்டியில் போடுகிறவருக்குக் காசு இல்லை, லாரிக்காரரிடம் கொடுத்தால் உண்டு. மக்கள் யாரிடம் கொடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையான திருப்பம் 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம். சட்டம் 672 என்று அறியப்படும் இது 2011 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குப்பை அள்ளும் பொறுப்பு ஊராட்சி மன்றங்களிடமிருந்து கூட்டரசின் கைக்கு மாறியது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் மாநிலங்கள் சேரவில்லை, ஜொகூர் சேர்ந்தது. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் அடங்கிய தென்மண்டலம் எஸ்டபிள்யூஎம் என்விரோன்மெண்ட் நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது. தரைவீடுகளுக்குச் சக்கரம் வைத்த 120 லிட்டர் தொட்டி வந்தது. 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயமாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் மக்கும் கழிவும் மிச்சமும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் தோட்டக் கழிவும் பெரிய சாமான்களும். இதற்கு ‘இரண்டும் ஒன்றும்’ என்று கணக்குச் சொல்வார்கள். 2016 ஜூன் முதல் அபராதமும் சேர்ந்தது: முதல் முறை 50 ரிங்கிட், இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை 500.

இந்தத் தொட்டிக்குள் என்ன இருந்தது என்பதை 2012-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பு காட்டுகிறது. வீட்டுக் கழிவில் 44.5 விழுக்காடு உணவு. பிளாஸ்டிக் 13.2, குழந்தை அணையாடை 12.1, தாள் 8.5. பேச்செல்லாம் பிளாஸ்டிக்கைப் பற்றி இருந்தபோதும் தொட்டியை நிரப்பியது சோறும் குழம்பும்தான். மாடும் பன்றியும் எடுத்துக்கொண்ட பங்கு அது. ஈரமான அந்தப் பங்கே மற்றதையும் கெடுக்கிறது: சாம்பார் நனைத்த அட்டைப்பெட்டியை எந்த லாரியும் வாங்காது. ஆகவே தம்போய்ச் சமையலறையில் கழிவு குறைய வேண்டுமானால் முதல் வேலை, பையை மறுப்பதைவிட, மிச்சச்சோற்றைத் தனியே வைப்பது.

பைக்கு விலை வைக்கும் முயற்சி பினாங்கில் 2009-இல் தொடங்கியது. 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் சனிக்கிழமை ‘பிளாஸ்டிக் பை இல்லா நாள்’ ஆகி, பை கேட்டால் 20 சென் என்றானது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030-க்குள் ஒழிப்பதற்கான வழித்திட்டம் 2018-இல் வெளியானது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று துணிப்பைக்குத் திரும்பியது இதற்கு இணையான மற்றொரு வழி. மலேசியாவின் 2018 வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கிறது. சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் அந்த ஆண்டில் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கும் மேல் மலேசியாவுக்குள் வந்தது. உள்ளூர்ப் பையைத் தொடாத எடைக்கல், வெளிநாட்டுப் பிளாஸ்டிக்குக் கொள்கலன் கணக்கில் விலை கொடுத்தது. 2025 ஜூலை முதல் அந்த இறக்குமதிக்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

அதிகாரப்பூர்வ மறுசுழற்சி விகிதம் 2018-இல் 24.6 விழுக்காடாக இருந்து 2023-இல் 35 விழுக்காட்டைத் தாண்டியது. 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போடுபவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூகப் பணியும் விதிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் வந்தது. துடைப்பத்தோடு தெருவில் நிற்க வைப்பதே தண்டனை. அதே துடைப்பம் ஒரு காலத்தில் சாதியால் விதிக்கப்பட்ட தொழில் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

நாசி லெமாக் இன்றும் விற்கிறது. பழுப்புத் தாளின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு, அதன்மேல் மணத்துக்காக உள்ளங்கையளவு வாழையிலைத் துண்டு. ‘சூராட் காபார் லாமா’ லாரியின் ஒலிநாடாவில் தாளோடு இரும்பு, மின்கலம், குளிர்பதனப்பெட்டி எல்லாம் வரிசையாக வருகின்றன. பை அந்த வரிசையில் இல்லை.