இரண்டு சான்றிதழ்கள்

இலங்கையின் புகைவண்டி நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடி உயரத்திலே, பனிமூட்டத்தினூடே அங்கு வண்டி ஏறும் மாணவர் ஒருவர் நானுஓயா, அட்டன், நாவலப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து, அதே இருப்புப்பாதையிலேயே பேராதனையை அடைந்துவிடலாம். 1952ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் அங்கே குடியேறிற்று. ஆயினும் லயத்தில் பிறந்த பிள்ளை அந்த வழியாகப் பல்கலைக்கழகம் செல்வதற்குத் தோட்ட மக்கள் பல தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வாறு செல்லும் மாணவரின் பெட்டியிலே பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் பத்திரமாக இருக்கும். மனநோய் வைத்தியரின் சான்றிதழ் ஒன்று இருக்குமாயின், அது மட்டும் துணிமணிகளுக்கு அடியிலே கிடக்கும். உறக்கமின்மையும் மனச்சோர்வும் அச்சமும் தம்மை வாட்டுகின்றன என்று கல்லூரிக்குச் சொன்னால், பரீட்சைக்குச் சற்றுக் கூடுதலான நேரமோ, தனி அறையோ, ஒரு தவணை ஓய்வோ கிடைக்கலாம். கிடைக்காமல், "பைத்தியம்" என்ற பெயர் மட்டும் மிஞ்சிவிடவும் கூடும். இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. கல்லூரி வாசலிலே வைத்தியரின் சான்றிதழுக்கு நெடிய வரலாறு உண்டு. அதிலே தமிழர் ஒருவரின் பெயரும் இருக்கிறது.

அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904இல் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தவர், கணிதம் தவிர்ந்த பாடங்களிலே தவறியதால் அதனை இழந்தார். 1905இல் எவருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும் என்ற விதி அவருக்காக வளையவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தபோதுதான் ஒரு விதி முதன்முறையாக அவர் பொருட்டு இளகிற்று.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்று திரினிற்றிக் கல்லூரியிலே சேர்ந்தார். கண்டியிலே மலைநாட்டார் நன்கறிந்த கல்லூரியும் அதே பெயருடையதே. இது அதற்கு மூத்தது. போர்க்காலம், மரக்கறி உணவு கிடைப்பது அரிது, குளிரோ கொடியது, மனைவியின் கடிதங்கள் வந்து சேரவில்லை. 1917இல் உடல்நோய் வந்து, ஒரு மருத்துவ இல்லத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். 1918இன் தொடக்கத்திலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அன்றைய இங்கிலாந்திலே அது குற்றம். 1961 வரையில் குற்றமாகவே இருந்தது. பேராசிரியர் ஹார்டி காவல்துறையினரிடம் சென்று, "இவர் றோயல் சொசைற்றியின் உறுப்பினர்" என்ற பொருள்படக் கூறி மீட்டு வந்தார். உண்மையில் இராமானுஜன் அப்போது உறுப்பினராகியிருக்கவில்லை. 1918 மே மாதத்திலேதான் தெரிவு செய்யப்பட்டார். ஹார்டி சொன்ன பொய்களுள் மிக நல்லது இதுவாகவே இருக்கலாம்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் திரினிற்றியின் ஆய்வுறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் வந்தது. நிறவெறி காரணமாக எதிர்த்தோர் இருந்தனர். அவர்கள் கைக்கு வேறொரு கருவியும் அகப்பட்டது. சித்தம் கலங்கியவர் அப்பதவிக்கு உரியவரல்லர் என்பது கல்லூரியின் விதி. தற்கொலை முயற்சி பற்றிய செய்தியும் கசிந்திருந்தது. நோயுற்றிருந்த லிற்றில்வூட், இராமானுஜனின் மனநிலை செம்மையானதே என்று இரண்டு வைத்தியர்களின் சான்றிதழ்களைப் பெற்று அனுப்பினார். 1918 ஒக்டோபரில் இராமானுஜன் தெரிவு பெற்றார்.

அந்த இரண்டு சான்றிதழ்களும் எதற்காகத் தேவைப்பட்டன என்பதுதான் இங்கே கருதத்தக்கது. அவர் நோயுற்றிருக்கிறார், உதவுங்கள் என்பதற்காகவல்ல. நோயில்லை, ஆகவே உள்ளே விடுங்கள் என்பதற்காக. நண்பர்கள் நல்லெண்ணத்தோடு செய்தனர். ஆனால் அவருடைய துன்பத்தை மறைத்தாலன்றி அவருடைய அறிவுக்கு இடமில்லை என்ற நிலை இருந்தது.

இலங்கையிலும் அக்காலச் சட்டம் இதே போக்கில் அமைந்ததே. 1873ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமற்றோர் கட்டளைச் சட்டம் நோயாளியை எங்கே அடைப்பது என்று விரித்துரைத்தது. அவர் படிப்பது பற்றி அதற்குக் கவலையில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது இந்நாட்டில் 1998 வரையில் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது.

சான்றிதழ் திசை மாறியது பிற்காலத்திலே. 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றின் 504ஆம் பிரிவு, அரசின் பணம் பெறும் கல்லூரி எதுவும் உடற்குறையோ மனக்குறையோ காரணமாக ஒருவரை ஒதுக்கலாகாது என்றது. அதற்கான ஒழுங்குவிதிகள் வெளிவரவில்லை; 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளர்கள் சான் பிரான்சிஸ்கோ அரச அலுவலகத்தினுள்ளே வாரக்கணக்கில் அமர்ந்திருந்த பின்னரே அவை கையொப்பம் பெற்றன. அதன் பின் மாணவர் காட்டும் சான்றிதழ், "எனக்கு நோயுண்டு, ஆகையால் இன்ன ஏற்பாடு வேண்டும்" என்று பேசலாயிற்று. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயையும் குறைபாடுகளின் பட்டியலில் வைத்தது. 2021 பெப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கிலே, எழுத்துப்பிடிப்பு நோயுடைய ஒருவருக்குப் பரீட்சையில் எழுத்துதவியாளரை மறுக்கலாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைபாட்டின் அளவு நூற்றுக்கு நாற்பதை எட்டவில்லை என்பதால் ஏற்பாட்டை மறுக்க முடியாது என்பது அதன் சாரம்.

இலங்கைக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலே பாகுபாடு காட்டலாகாது என்கிறது அது. ஆனால் அதன் வரைவிலக்கணப்படி, வாழ்வின் தேவைகளைத் தாமே முழுமையாகவோ ஓரளவோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரே குறைபாடுடையவர். தாமே உண்டு உடுத்து, விரிவுரைக்கும் வந்து, வினாத்தாளைக் கண்டதும் கை நடுங்கி எழுந்து போகும் மாணவர் இதில் அடங்குவாரா? சட்டத்தை எழுதியவர்கள் அவரை நினைத்திருக்கமாட்டார்கள். சேர்ந்த பிறகு என்ன செய்து கொடுப்பது என்பதையும் அது விரித்துரைக்கவில்லை. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் சமவாயமோ, நீண்டகால மனக்குறைபாட்டையும் சேர்த்து, உயர்கல்வியிலும் நியாயமான ஏற்பாடுகள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது.

கூடுதல் காலம் கொடுத்தால் தரம் தாழ்ந்துவிடும் என்போர் உளர். திரினிற்றிக் கல்லூரி 1918இல் இராமானுஜனுக்குக் கொடுத்ததும் காலந்தான்: ஆண்டுக்கு 250 பவுண், ஆறு ஆண்டுகள், கட்டாயக் கடமை எதுவுமில்லை. 1919இல் நோயோடு தாயகம் திரும்பியவர், 1920 சனவரியிலே படுக்கையிலிருந்தபடி ஹார்டிக்குக் கடிதம் எழுதி, மொக் தீற்றா எனப்படும் புதிய சார்புகளை அறிவித்தார். ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில் மறைந்தார். அந்தக் கடிதத்தைக் கணிதவியலார் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர்.