கண்ணாடி இல்லாத வீடு

மலர்க்குழு நண்பன் போனில் கேட்டது ஒரே வரி. "தாழ்மையைப் பத்தி ஒரு கட்டுரை வேணும், நீ எழுதுடா." நாலு வருஷம் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் இப்படிக் கேட்டால் அது நிஜமா, கிண்டலா என்று ஒரு நாள் முழுக்க யோசிக்க வேண்டியிருந்தது. பெரிய வியாழன் அன்று நம்ம சேப்பலில் பாதம் கழுவும் ஆராதனை நடக்குமே, நினைவிருக்கிறதா? பித்தளைத் தாம்பாளம், வெந்நீர், வெள்ளைத் துண்டு. பேர் கொடுத்த பன்னிரண்டு பேரும் அறையிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வரிசைக்கு வருவோம்! அழுக்குக் காலை யாரும் நீட்டியதுமில்லை, யாரும் தொட்டதுமில்லை. தாழ்மை பற்றி எனக்கிருந்த அனுபவம் அவ்வளவுதான். ஆகவே உபதேசம் வேண்டாம், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையை எழுதுகிறேன்.

2019-ல் ஒரு மலைப்பாதை வேலைக்காகக் கொல்லிமலை போயிருந்தேன். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. வேலை முடிந்த ஒரு மாலை, உள்ளூர் டிரைவர், "சார், வாழவந்தி நாட்டுல ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கல்லறை இருக்கு, பாக்கறீங்களா?" என்று கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் பக்கத்தில் கணவன், மனைவி கல்லறைகள். ஜெஸ்ஸி பிராண்ட், இறந்தது 1929. எவ்லின் பிராண்ட், இறந்தது 1974. இடையில் 45 வருஷம். அந்த 45 வருஷம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பியதும் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

ஜெஸ்ஸி 1907-ல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இந்தியா வந்தவர். எவ்லின் லண்டனில் வசதியான வியாபாரி வீட்டுப் பெண், ஓவியம் படித்தவர், கணவரைவிட ஆறு வயது மூத்தவர். 1913-ல் கலியாணம். முடிந்த கையோடு கொட்டுகிற மழையில் கொல்லிமலை ஏறினார்கள். ரோடு கிடையாது. நடை, அல்லது டோலி. அவர்கள் மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறேழு வருஷம் ஒருவர்கூட அவர்கள் பக்கம் சேரவில்லை. உள்ளூர்ப் பூசாரிக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது.

இதற்கிடையில் அவர்கள் செய்த வேலைகளில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. இந்த மலரைப் படிக்கும் இளைய மாணவர்கள் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். குடிதண்ணீர் வழியாக உள்ளே போகிற புழு, ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். நூல் மாதிரி, இரண்டு மூன்று அடி நீளம்கூட இருக்கும். ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளேயே அறுந்து சீழ் வைத்துவிடும். அந்தக் காலோடு ஒருவர் படிக்கிணற்றில் இறங்கி நின்று தண்ணீர் மொண்டால் ஊருக்கே நோய். ஜெஸ்ஸி புழுவையும் எடுத்தார். யாரும் உள்ளே இறங்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவரும் கட்டினார். (இந்தியாவில் இந்த நோய் முற்றிலும் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-ல்தான்.) நம்ம சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும், மருந்து பாதி, மதில்சுவர் பாதி!

1918-ல் உலகம் முழுக்கப் பரவிய விஷக் காய்ச்சல் மலைக்கும் வந்தது. அந்தப் பூசாரியும் மனைவியும் படுத்தபோது பயத்தில் யாரும் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜெஸ்ஸியும் எவ்லினும் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம்தான் ஒப்படைத்தார். ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அதன் பிறகுதான் மலைச் சனங்கள் அவர்களைக் கிட்டே சேர்த்தார்கள்.

1929-ல் ஜெஸ்ஸி மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் 44 வயதில் இறந்தார். மகன் பால் அப்போது படிப்புக்காக லண்டனில். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. 14 வயசுப் பையனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

எவ்லின் இங்கிலாந்து போய்விட்டு மறுபடி வந்தார். மிஷன் அவரை மலைக்கு விடவில்லை, சமவெளியிலேயே வேலை கொடுத்தது. எழுபதை நெருங்கும்போது 'வயசாகிவிட்டது, போதும்' என்று சொல்லிவிட்டது. அம்மாள் விவாதம் பண்ணவில்லை. ஒரே ஒரு வருஷம் கேட்டு வாங்கினார். அந்த வருஷத்தில் சத்தமில்லாமல் சாமான்களை மலைக்கு ஏற்றிக் குடிசை போட்டுவிட்டு, பிரிவுபசாரக் கூட்டத்தில் 'ஓய்வு பெற்றுவிட்டேன், மலைக்குப் போகிறேன்' என்று அறிவித்தார்! அதன்பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு மலைகளில்தான். கொல்லிமலை மட்டுமில்லை, பச்சைமலை, கல்வராயன் என்று சுற்று வட்டார மலைகளிலெல்லாம் மட்டக்குதிரையில் போவார். 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தார். மகன் அப்போது வேலூரில் பெரிய டாக்டர், கீழே வந்துவிடச் சொல்லி மன்றாடினார். கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு மறுபடி நடந்தார்.

இதைத் தாழ்மை என்பதா, பிடிவாதம் என்பதா? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. மேலிடத்துக்கு அடங்கவில்லை, மகன் பேச்சும் கேட்கவில்லை. சாந்தமே உருவான கிழவி என்று நினைத்தால் தப்பு. அவரோடு வேலை செய்வது லேசான காரியமாக இருந்திருக்காது. ஆனால் அந்தப் பிடிவாதத்தில் ஒரு துளிகூடத் தனக்காக இல்லை. கடைசி இருபது வருஷம்போல அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. மகன் பிற்பாடு எழுதியிருக்கிறார். சுருங்கிப்போன முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, பார்க்க வேண்டியவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார். வீட்டில் எத்தனை கண்ணாடி என்று எண்ணிப் பார்த்தேன். பைக்கில் இருக்கிற இரண்டையும் சேர்த்து ஏழு!

மகன் கதை இன்னும் நம்ம பக்கம் வருகிறது. பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலைக் குடும்பத்தில் பிறந்தவர். நரம்புச் சிலந்தியின் சீழைச் சின்ன வயதில் பார்த்து அருவருத்து, டாக்டர் வேலையே வேண்டாம் என்றிருந்தவர். பள்ளி முடித்ததும் லண்டனில் சில வருஷம் தச்சு, கொத்து, கல் வேலை பழகினார், கையில் கரணை பிடித்து. பிறகு மனம் மாறி மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேனோடு நடந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். இரும்புப் பிடி! செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்ததற்குள் நல்ல தசைகள் உயிரோடிருந்தன. ஒரு தசை செத்தால் நல்ல தசையின் நாணை எடுத்து அந்த வேலைக்கு மாற்றிக் கட்டலாமே! பெல்ட்டை வேறு புல்லிக்கு மாற்றுகிற மாதிரி. 1948-ல் அறுவை சிகிச்சை தொடங்கியது.

நோயாளிகளில் சிலர் திரும்பி வந்து சொன்னது சந்தோஷச் செய்தி இல்லை. 'டாக்டர், நீங்க சரிபண்ணிக் கொடுத்த கை பிச்சை எடுக்க உதவாத கை. நல்லா இருக்கிற கையில யாரும் காசு போடறதில்லை. குஷ்டரோகின்னு வேலையும் கொடுக்கறதில்லை.' ஆபரேஷன் வெற்றி, ஆள் பட்டினி. நாமாக இருந்தால், "என் வேலை முடிஞ்சுது, அது வேற டிபார்ட்மெண்ட்" என்றிருப்போம். நன்றி கெட்டவர்கள் என்றும் நினைத்திருப்போம். பிராண்ட் அதைத் தன் வேலையில் இருந்த குறையாக எடுத்துக்கொண்டார். 1951-ல் வேலூரில் நவஜீவ நிலையம் ஏற்பட்டது. அங்கே தச்சுப்பட்டறையில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். லண்டனில் பழகின தொழில் வீண்போகவில்லை.

பட்டறை இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. பூட்டில் துருப்பிடித்து மாட்டிக்கொண்ட சாவியை அவரால் திருப்ப முடியவில்லை. ஒரு பையன் வாங்கிச் சட்டென்று திருப்பினான். பார்த்தால் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது, பையனுக்கு வலியே தெரியவில்லை. விரல்கள் நோயால் உதிர்கின்றன என்றுதான் அதுவரை நம்பிக்கை. உண்மையில் வலி இல்லாததால் சூடு, வெட்டு, தேய்ப்பு என்று தினசரிக் காயங்களால் போகின்றன. ராத்திரியில் சில விரல்கள் காணாமல் போனதற்குக் காவலிருந்து பார்த்தபோது, எலி கடித்துக்கொண்டிருந்தது. அதற்கு வைத்தியம் பூனை! வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

காலும் அப்படித்தான். விசையை வகுத்தல் பரப்பு, அழுத்தம், முதல் செமஸ்டரில் படித்ததுதான். நமக்கு ஒரே இடத்தில் அழுத்தினால் வலிக்கும், தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்வோம். உணர்ச்சியற்ற கால் மாற்றிக்கொள்ளாது, அதே இடத்தில் புண்ணாகும். அதனால் பாதத்தின் வடிவத்துக்கேற்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்புகள் வந்தன. நடந்து வந்த காலைக் கையால் தொட்டு, எந்த இடம் அதிகம் சுடுகிறது என்று பார்த்து, அங்கே புண் வரப்போகிறது என்று கண்டுபிடிப்பார். பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளாத காலத்தில், பிறர் பத்தடி தள்ளி நின்ற கால்களை இந்த மனுஷர் வெறுங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வியாழனும் சோப்பும் எனக்கு ஞாபகம் வந்தது இங்கேதான்.

1960-ல் லாஸ்கர் விருது, 1961-ல் சி.பி.இ. எல்லாம் வந்தன. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய் அங்கும் இதே வேலை. 2003-ல் சியாட்டிலில் காலமானார்.

சரி, இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு சிரத்தையாகப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விட்டுப் போய் நாலாவது வருஷம். ஒரு சரிவில் தடுப்புச் சுவர் வேலை, ஊர் பேர் வேண்டாம். மேஸ்திரிக்கு என் அப்பா வயசு. "சார், இந்த மூலையில ஊத்து இருக்குது. தண்ணி ஓட்டையை இன்னும் கீழே, நெருக்கமா விடணும் சார்" என்றார். டிராயிங்கில் இருப்பதுபோல் கட்டினால் போதும் என்றேன். இரண்டாம் தடவையும் சொன்னார். "மேஸ்திரி, படிச்சது நீங்களா நானா?" என்று ஆட்கள் முன்னால் கேட்டேன். ஐப்பசி மழையில் அந்த மூலையில் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ரிப்போர்ட் எழுதினது நான். கட்டுமானத் தரம் சரியில்லை என்று எழுதினேன். அவர் பில்லில் பிடித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சண்டைக்கு வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

கொல்லிமலையிலிருந்து இறங்கிய மாதம் அவரைத் தேடிப் போனேன். ஆபீசுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மேஸ்திரி இப்போது வேலைக்குப் போவதில்லை, கண் சரியில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொல்லிப் பிடித்த தொகையைக் கையில் கொடுத்தேன். பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுப்பார் என்று எனக்குள் எங்கேயோ ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கும் போலிருக்கிறது. அவர் நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து ஒவ்வொன்றாக எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். டீ வந்தது. குடித்து முடிக்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் கேட்டார், "அந்தச் சுவரை மறுபடி கட்டினாங்களா சார்?"

"கட்டிட்டாங்க மேஸ்திரி."

"ஓட்டை எத்தனை அடிக்கு ஒண்ணு விட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.