மூழ்கியும் பணி நீங்காத கப்பல்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் அங்கு நங்கூரமிட்ட போர்க்கப்பல்களையே பெரிதும் பேசுவர். அப்போர்க்கப்பல்களுக்கு வேண்டிய வெடிமருந்தையும் தளவாடங்களையும் சுமந்து வந்த கப்பல்களை நினைப்பார் சிலரே. 'சகைங்' என்னும் நீராவிக் கப்பல் அவ்வாறு மறக்கப்பட்டவற்றுள் ஒன்று.

1924 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாட்டின் டம்பாட்டன் நகரில், டெனி சகோதரர் கப்பற்பட்டறையில் அது கட்டப்பட்டது. நீளம் 452 அடி. பர்மாவில் ஐராவதிக் கரையிலுள்ள ஓர் ஊரின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தனர்; இரங்கூனுக்குப் பயணிகளையும் சரக்கையும் கொண்டு செல்வதே அதன் தொழில். போர் மூண்டதும் அமைதிக்காலத்து வாணிகக் கப்பல்கள் பல போர்ச்சுமை தாங்கும் கப்பல்களாயின. சகைங்கும் அவ்வழியே சென்றது.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 இல் இரங்கூனும் யப்பானியர் கைப்பட்டது. எந்த நகரை நாடி ஓடுவதற்கெனக் கட்டப்பட்டதோ, அந்த நகரின் வாயில் சகைங்கிற்கு அடைபட்டது. ஏப்பிரல் மாதத்தில் அது போர்ச்சரக்குடன் திருகோணமலையில் நின்றது.

ஏப்பிரல் 5 இல் கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கப்பற்படை கிழக்குக் கரையை நெருங்குகிறது என்ற செய்தி 8 ஆம் நாள் கிட்டியது. அன்றிரவே பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறின. விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்', அதற்குத் துணையாக 'வம்பயர்', எண்ணெய்க் கப்பலான 'அதெல்ஸ்ரேன்', அதற்குக் காவலாக 'ஹொலிஹொக்' என்பன அவற்றுட் சில. சகைங்கோ மலாய்க் குடாவிலேயே தங்கிவிட்டது.

மறுநாட்காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. சகைங் தீப்பற்றியது, வெடிபொருள் நிறைந்த கப்பலைக் கைவிடுவதன்றி மாலுமிகளுக்கு வேறு வழியில்லை. ஆயின், வெளியேறிய கப்பல்கள் பிழைத்தன என்று எண்ணுதல் தவறு. மேலே சொன்ன நான்கும் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸ் கப்பலில் மட்டும் 307 பேர் மாண்டனர். நின்றது எரிந்தது, ஓடியவை ஆழ்ந்தன.

எரிந்த கூட்டைப் பிரித்தானியர் வீணாக்கவில்லை. சரக்கு ஏற்றி இறக்க இறங்குதுறை வேண்டியிருந்தது. 1943 ஓகஸ்ட் 24 இல் சகைங்கை வேண்டுமென்றே மூழ்கச் செய்து, அதனையே ஒரு துறையாக்கினர். சுமந்து வந்த கப்பல், பிற கப்பல்கள் சாரும் மேடையாயிற்று. கடலில் ஓடிய ஆண்டுகளினும் கடலடியில் கிடந்த ஆண்டுகளே அதற்கு மிகுதி என்பது விந்தை.

1957 ஒக்டோபரில் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கப்பலும் கூடவே கைமாறியது என்றே கூறலாம். காலப்போக்கில் அதன் உடல் துறைமுகத்தின் பயனுள்ள இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. 2017 செப்டெம்பரில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதனை உயர்த்தும் பணியைத் தொடங்கினர். பல மாதங்கள் நீருக்கடியில் உழைத்து, நீர் புகும் வழிகளை அடைத்து, உள்ளிருந்த நீரை இறைத்தனர். 2018 மார்ச்சில், ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்குப் பின், சகைங் மீண்டும் நீரில் மிதந்தது.