சிறையும் காட்சிசாலையும்: அந்தமானில் ஒரு குளிர்கால விடுமுறை

காணும் பொங்கலன்று சென்னை எழும்பூர்க் காட்சிசாலைக்குச் சென்ற நினைவு நம்மில் பலருக்கு உண்டு. கட்டுச்சோற்று மூட்டையும் கைக்குழந்தையுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து குவிவர். அவ்விடத்தைச் சென்னை மக்கள் ‘செத்த காலேஜ்’ என்றே வழங்கினர். விலங்குக்காட்சிசாலை அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. 1851இல் பழைய கல்லூரிக் கட்டடம் ஒன்றில் தொடங்கப்பெற்ற காட்சிசாலையாதலால் ‘காலேஜ்’ என்னும் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது எனலாம். படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணாக்கராகும் கல்லூரி அது. தமிழருக்குக் குளிர்கால விடுமுறை என்பது மார்கழியும் தையும் கூடும் இந்நாட்களே. அவ்விடுமுறைக்கும் காட்சிசாலைக்கும் உள்ள உறவு பழையது.

இன்று தில்லியிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வுறவைப் புதுப்பித்துக்கொள்ள ஏற்ற இடம் ஒன்று கடல் நடுவே உள்ளது. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் அமைந்த அந்தமான் தீவுகளின் தலைநகரைப் பற்றியே கூறுகின்றோம். நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகருக்கு, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் சூட்டப்பட்டது. மார்கழியில் அங்குக் கம்பளி வேண்டுவதில்லை. மழை ஓய்ந்து, கடல் அடங்கி, வானம் தெளிந்திருக்கும் பருவம் அது. கதிரவன் விரைவில் எழுந்து மாலை ஐந்து மணியளவிலேயே மறைந்துவிடுவான். ஆதலின் காலையிலேயே புறப்படுதல் நலம்.

தமிழருக்கு இத்தீவுகள் புதியவை அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில், அவன் கொண்ட இடங்களுள் ஒன்றாக ‘மாநக்கவாரம்’ குறிக்கப்படுகிறது. அந்த நக்கவாரமே இன்றைய நிக்கோபார் என்பது அறிஞர் கொள்கை. அப்படையெடுப்பில் சோழன் வென்ற அரசு ஸ்ரீவிஜயம். அதன் பெயரை நினைவூட்டும் பெயரையே இன்று அந்நகர் தாங்கி நிற்பதும் எண்ணத்தக்கது.

ஆயினும் நம் காலத்து மக்களின் உள்ளத்தில் அந்தமான் என்றதும் எழுவது சிறையே. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் இங்கு அமைத்த முதற் குடியேற்றம் நோயாலும் சாவாலும் நலிந்து 1796இல் கைவிடப்பட்டது. 1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர், 1858 மார்ச்சில் வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளோடு வந்து இறங்கினார். அன்று முதல் இத்தீவு நாடு கடத்தப்பட்டோரின் நிலமாயிற்று. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது செல்லுலார் சிறை. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல் ஏழு நீண்ட கிளைகள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. ஏறத்தாழ 700 தனியறைகள். ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் பின்புறத்தையே நோக்குமாறு கட்டினர். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணலாகாது என்பதே அதன் கருத்து. சுவரின் உயரத்தில் ஒரு சிறு சாளரம். அதுவே வானத்துக்கும் கைதிக்கும் இருந்த ஒரே உறவு.

கைதிகள் செக்கிழுத்தனர். நாளொன்றுக்கு 30 இராத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டுமென்பது கட்டளை, குறைந்தால் சவுக்கடி. இச்செய்தியைக் கேட்கும் தமிழ்ச் சிறுவர்கள் உடனே ஒரு பெயரை நினைப்பர். வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908இல் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது உண்மையே. எனினும் அவர் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912இல் விடுதலை பெற்றார். அவர் கோவைச் சிறையில் இழுத்த செக்கு இன்று தமிழகத்தில் நினைவுப் பொருளாகப் போற்றப்படுகிறது. அந்தமான் சிறையில் செக்கு நின்ற கொட்டிலையும், அங்கே காட்டப்படும் செக்கின் உருவையும் பார்த்துவிட்டு, கோவைச் செக்கின் கதையையும் பிள்ளைகளுக்குக் கூறுவோமாயின், கடலுக்கு இப்பாலும் அப்பாலும் துன்பம் ஒன்றே என்பதனை அவர்கள் எளிதில் உணர்வர்.

இச்சிறை எவ்வாறு காட்சிசாலையாயிற்று என்பதே நாம் சிறப்பாக அறிய வேண்டிய வரலாறு. 1933ஆம் ஆண்டு உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் துறந்தனர். 1937இல் மீண்டும் நோன்பு எழவே, நாடெங்கும் கிளர்ச்சி மூண்டு, 1938 தொடக்கத்திற்குள் அரசியற் கைதிகள் தாயகம் திரும்பினர். 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினர். 1945 வரை அவர்கள் ஆட்சி நீடித்தது. தீவு மக்கள் பலரை ஒற்றர் என்று ஐயுற்று அவர்கள் இதே சிறையில் வதைத்ததையும் மறைத்தலாகாது. ஏழு கிளைகளுள் இரண்டு அவர்கள் காலத்தில் இடிக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் மேலும் இரண்டு இடிக்கப்பட்டு, அவ்வளாகத்தில் மருத்துவமனை எழுந்தது.

எஞ்சியவையும் போயிருக்கும். சிறையின் சுவர்களை வெறுப்பதற்கு யாவரினும் மிக்க உரிமை உடையவர் அங்கே அடைபட்டிருந்தவரே. அவர்களே அச்சுவர்களைக் காக்க முன்வந்தனர். முன்னாள் அந்தமான் அரசியற் கைதிகள் ஒன்றுகூடி, எஞ்சியதை இடிக்கலாகாது என்று அரசிடம் வாதாடினர். அதன் பயனாக மூன்று கிளைகளும் நடுக்கோபுரமும் காப்பாற்றப்பட்டன. 1979 பிப்ரவரி 11ஆம் நாள் தலைமை அமைச்சர் மொரார்ஜி தேசாய் அதனை நாட்டு நினைவுச்சின்னமாக அர்ப்பணித்தார். இன்று அங்கே விடுதலை வீரர்களின் படக்கூடமும், ஓவியக்கூடமும், நேதாஜி கூடமும், நூலகமும் உள்ளன. மாலையில் ஒலியும் ஒளியும் கொண்டு சிறையின் கதையை உரைக்கும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. அக்கதையைச் சொல்வது முற்றத்து அரசமரம்.

நேதாஜி கூடத்திற்கு டிசம்பர் இறுதியில் செல்வோருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1943 டிசம்பர் 29இல் இங்கு வந்திறங்கிய சுபாஷ் சந்திர போஸ், மறுநாள் 30ஆம் தேதி மூவண்ணக் கொடியை ஏற்றினார். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து திரளாகச் சென்று அவர் படையில் சேர்ந்தவர்கள் தமிழர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்கச் சென்றவர்களும் நாட்டின் வரலாற்றை எழுதுவர் என்பதற்கு அவர்களே சான்று.

இனி மற்றொரு காட்சிசாலை. இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலையம் 1951இல் இந்நகரில் அமைந்தது. அதன் காட்சிசாலை 1975–76இல் தோன்றியது. பெரிய அந்தமானியர், ஓங்கி, ஜாரவா, சென்டினலியர், நிக்கோபாரியர், ஷோம்பென் ஆகிய தொல்குடிகளின் வாழ்க்கையை இங்குக் காணலாம். மரப்பட்டையால் ஆன ஜாரவா மார்புக் கவசம், வில்லும் அம்பும், பிரம்புக் கூடைகள், தீய ஆவிகளை அச்சுறுத்தி விரட்ட நிக்கோபாரியர் செதுக்கிய மர உருவங்கள் ஆகியன கைத்திறனின் உச்சங்கள். இவற்றை ‘பொருள்’ என்று மட்டும் கூறாது ‘கலை’ என்றே கூறல் தகும்.

நிக்கோபாரியரின் வீடு தேன்கூடு போன்ற வடிவினது. தூண்கள்மேல் உயர்ந்து, புல் வேய்ந்து நிற்பது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை எழுந்தபோது, கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் ஊர்கள் உயிரோடும் உடைமையோடும் அழிந்தன. பின்னர் எழுந்த குடியிருப்புகள் பலவும் தகரக் கூரையும் சதுரச் சுவரும் கொண்டவை. அலை கொண்டுபோன வீட்டின் வடிவத்தைக் காட்சிசாலையின் மாதிரியில் காணும்போது, காட்சிசாலை எதற்கு என்னும் வினாவிற்கு விடை கிடைத்துவிடுகிறது.

ஆயினும் கண்ணாடிப் பெட்டிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு காலத்தில் பல ஆயிரமாக இருந்த பெரிய அந்தமானியர், 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்தனர். அவர்கள் மொழிகளுள் ஒன்றான ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரி 26இல் மறைந்தார். மொழியியலறிஞர் அன்விதா அப்பி அவருடைய பேச்சை ஒலிப்பதிவு செய்து வைத்தமையால் அக்குரலேனும் எஞ்சியது. தாயகத்திற்கு வெளியே வாழும் நாம், வீட்டிற்குள் பிள்ளைகளோடு எம்மொழியில் பேசுகின்றோம் என்று அந்த இடத்தில் நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

இன்னொன்றும் உண்டு. ஜாரவா மக்கள் உயிரோடு வாழ்பவர், காட்சிப் பொருளல்லர். 1956ஆம் ஆண்டுத் தொல்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்கள் வாழும் காட்டுப் பகுதியை ஒதுக்கிக் காக்கிறது. பெருஞ்சாலை வழியே வண்டியில் சென்று அவர்களை வேடிக்கை பார்க்கும் பழக்கம் நாடெங்கும் கண்டனத்திற்கு உள்ளாகி, 2013இல் உச்ச நீதிமன்றமும் தலையிட நேர்ந்தது. கற்க விரும்புவோருக்குக் காட்சிசாலை உள்ளது. காட்டிற்குள் எட்டிப் பார்த்தல் வேண்டா. இப்பாடத்தைப் பிள்ளைகள் கற்பாராயின் அவ்விடுமுறை பயனுடையதே.

நாட்கள் மிகுதியாக உள்ளோர் கடற்படையினர் நடத்தும் சமுத்ரிகா காட்சிசாலையில் சிப்பிகளையும் பவளங்களையும் திமிங்கில எலும்புக்கூட்டையும் பார்க்கலாம். 1883இல் தொடங்கிய சாத்தம் மரமறுவையாலையின் காட்சிசாலையில் செம்மரம் போன்ற படாக் மரத்தின் வேலைப்பாடுகளைக் காணலாம். செல்லுமுன் திறப்பு நேரத்தைக் கேட்டறிந்து செல்க. பிள்ளைகளிடம் ஒரு வெற்றேடும் பென்சிலும் கொடுங்கள். சிறைக் கிளைகளின் அமைப்பை ஒருவர் வரையட்டும். நிக்கோபார் வீட்டை ஒருவர் வரையட்டும். வரைந்த கை எளிதில் மறவாது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவு மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பதினைவர். கட்டட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வாணிகத்திற்கும் வந்தோர் பலர். 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்பாட்டின் பின்னர் இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறியோர் சிலர். அவர்தம் கதை அவரவர் வீட்டுத் தகரப் பெட்டிகளில் உள்ளது: ஒரு கப்பற் பயணச்சீட்டு, ஒரு கொல்லூறு, ஒரு பழைய குடும்ப அட்டை, மங்கிய ஒரு நிழற்படம்.

நம் வீட்டிலும் அத்தகைய பெட்டி இருக்கும். விடுமுறை முடிந்து வீடு திரும்பியதும் அதனைத் திறந்து, ஒவ்வொரு பொருளும் யாருடையது, எந்த ஆண்டினது, எவ்வூரிலிருந்து வந்தது எனப் பாட்டியைக் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டே எழுதி வைப்போம். பாட்டி கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதுதல் வேண்டும். சிறைப்பட்டவர்களே முன்வந்து சிறையைக் காத்தமையால் ஒரு வரலாறு நமக்கு எஞ்சியது. நம் வரலாற்றைக் காக்க முன்வர வேண்டியவர் நாமே.