லிபரேட்டர் விமானம்: இந்தியாவில் மறுவாழ்வு

லிபரேட்டர் (பி-24): இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். 1939 டிசம்பர் 29 அன்று முதன்முறை பறந்தது. 18,000-க்கும் மேல் கட்டப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் உள்ளவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

போர் முடிந்தபின் பிரிட்டிஷ் விமானப் படை தன் லிபரேட்டர்கள் பலவற்றைக் கான்பூரில் விட்டுச்சென்றது. அவை அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் தந்தவை; போருக்குப் பின் திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டியவை. ஆகவே, எவரும் மீண்டும் பறக்கவிடாதபடி அவை சிதைக்கப்பட்டன. சிதைத்த விதம் பற்றிக் குறிப்புகள் முரண்படுகின்றன: எஞ்சின்களில் மணல் கொட்டப்பட்டது என்பர் சிலர், கனரக எந்திரங்களால் மோதி நொறுக்கினர் என்பர் வேறு சிலர்.

விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் இல்லை. 1948-இல் பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்து மெக்கானிக்குகள், எல்லப்பா என்பவர் தலைமையில், காயலான் கடைச் சரக்காகக் கிடந்த அந்தக் குவியலுக்குள் இறங்கினர். ஒன்றின் இறக்கையை மற்றொன்றின் உடலில் பொருத்தினர். ஒன்றில் இல்லாத கருவியை இன்னொன்றில் தேடியெடுத்தனர். ஓரளவு பறக்கும் நிலைக்கு வந்தவற்றைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச்சென்றார். அங்கே முழுப் பழுதுபார்ப்பு நடந்தது. இவ்வாறு மீண்டவை ஏறத்தாழ 40. சரியான எண்ணிக்கையில் நூல்கள் வேறுபடுகின்றன. 1948 நவம்பரில் இவற்றைக் கொண்டு இந்திய விமானப் படையின் 5-ஆம் படையணி உருவாயிற்று.

எஞ்சின் பராமரிப்பு தனிக் கலை. லிபரேட்டரின் பிராட் அண்டு விட்னி ட்வின் வாஸ்ப் எஞ்சினில் 14 சிலிண்டர்கள் வட்டமாக அமைந்துள்ளன. நிறுத்திவைத்தால் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் வடிந்து தேங்கும். அப்படியே முடுக்கினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அதனால் ஆட்கள் புரொப்பெல்லரைக் கையால் சுற்றித் தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்தபின்பே எஞ்சினை உயிர்ப்பிப்பர். இன்றும் இப்படித்தான்.

பின்னாளில் கடற்கண்காணிப்புக்குப் பயன்பட்டு, 1968-இல் இந்திய லிபரேட்டர்கள் ஓய்வு பெற்றன.

அதன்பின் இந்தியாவில் 13 ஆண்டுகள் நின்றிருந்த லிபரேட்டர் ஒன்றை 1981-இல் ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர் வாங்கினார். அவரிடமிருந்து அது அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குச் சென்று, 1989-இல் மீண்டும் பறந்தது. 2019-இல் அவ்வறக்கட்டளையின் மற்றொரு குண்டுவீச்சு விமானமான பி-17 விபத்துக்குள்ளாகி 7 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு, கட்டணப் பயணிகளை ஏற்ற அறக்கட்டளைக்கு இருந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

கான்பூரிலிருந்து மீண்ட லிபரேட்டர்கள் சில இன்று பிரிட்டன், கனடா, அமெரிக்க அருங்காட்சியகங்களில் உள்ளன. இந்தியாவில் ஒன்று, தில்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.