மருதமடுவிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை: வன்னிக் கிறித்தவத்திற் கடவுட் கொள்கை

1963ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வூலிச் ஆயராகவிருந்த யோன் றொபின்சன் வெளியிட்ட சிறு நூலொன்று மேலைநாட்டுக் கிறித்தவரிடையே பெருஞ் சலசலப்பை உண்டாக்கிற்று. வானத்தின் மேல் எங்கோ வீற்றிருந்து உலகை நடத்தும் கடவுள் என்ற படிமம் விஞ்ஞான யுகத்து மனிதனுக்குப் பொருந்தாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருக்கு முன்னரே, நாற்சிகளின் சிறையிலிருந்து பொன்ஹோபர் எழுதிய கடிதங்கள், துன்புறும் கடவுளே மனிதனுக்கு உதவ வல்லவர் என்ற கருத்தை முன்வைத்திருந்தன. அவர் 1945 ஏப்பிரலில் தூக்கிலிடப்பட்டார். இவ்விவாதங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கற்றோர் சிலரின் கவனத்தைப் பெற்றன. வன்னிப் பெருநிலப்பரப்பிற் கடவுட் கொள்கை மாறிய கதை வேறு. அதனை நூலகத்திலன்றி, மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த பாதைகளிலேயே தேட வேண்டியுள்ளது.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில 1670 அளவில் மாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுட் புகுந்து மருதமடுவிற் குடியமர்ந்தன என்பது வழிவழி வரும் மரபு. காலநிர்ணயத்தில் அறிஞர் வேறுபடலாம். ஆயினும் அகதிகள் நிறுவிய தலம் மடு என்ற உண்மை அதனால் மாறுவதில்லை. குருவானவர் எவருமின்றி அம்மக்கள் தம் விசுவாசத்தைத் தாமே காத்தனர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசேப் வாஸ் அடிகளார் புதிதாக ஒரு திருச்சபையை நிறுவினார் என்பதைவிட, சிதறிக்கிடந்த ஒன்றைத் தேடிச் சேர்த்தார் என்பதே பொருந்தும்.

அக்காட்டில் வாழ்ந்தவனுக்குக் கடவுளிடம் வேண்டியது யாது? பாம்பும் யானையும் காட்டுக் காய்ச்சலும் நிறைந்த நிலம் அது. மடு மண் நஞ்சு முறிக்கும் என்ற நம்பிக்கை இன்றும் நிலவுகின்றது. அம்மண்ணை வீட்டுக்கு எடுத்துச் செல்லாத யாத்திரிகர் குறைவு. காவலே கடவுளின் முதற்றொழில் என்று கொண்ட சமயம் அது. முல்லைத்தீவின் வற்றாப்பளையிற் கண்ணகி அம்மனுக்குப் பொங்கலிடும் விவசாயி மடுவுக்கும் நேர்த்தி வைக்கத் தயங்கியதில்லை. இரண்டுமே அவனுக்குத் தாய்மார் காவல் செய்யும் இடங்கள். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவது பட்டணத்துப் படிப்பாளிக்கு எளிது. மருத்துவமனையோ வீதியோ இல்லாத காட்டில் வேறெவ்வகைக் கடவுள் மனிதனுக்குப் பயன்பட்டிருப்பார் என்பதை அவர் கூறுவதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962 - 1965) வழிபாட்டைத் தாய்மொழிக்குக் கொணர்ந்தது. இலத்தீனிற் கேட்ட பூசையை மக்கள் தமிழிற் கேட்கத் தொடங்கினர். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆயர் சபாபதி குலேந்திரன், அருள் பற்றிய கோட்பாட்டைக் கிறித்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்புநோக்கி எழுதிய ஆங்கில நூல் 1964இல் வெளிவந்தது. தமிழ்க் கிறித்தவர் ஒருவர் தம் அயலாரின் தத்துவத்தை மதித்துக் கற்றதற்கு அது சான்று. தெற்கிலே திஸ்ஸ பாலசூரிய அடிகளார், ஏழைகளின் விடுதலையிலிருந்தே இறையியலைத் தொடங்கவேண்டுமென எழுதினார். அவரை உரோமாபுரி 1997இல் திருச்சபைக்குப் புறம்பாக்கி மறு ஆண்டிலே மீள ஏற்றது. இவையனைத்தும் பயனுடையனவே. எனினும் இவை கற்றோர் கற்றோருக்கு எழுதியவை. வன்னியின் குடியேற்றக் கிராமங்களை இவற்றுள் எது எந்த அளவுக்கு எட்டியிருக்கும் என எண்ணும்போது, அவற்றை இக்கதையின் மையத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை.

மையம் போரிலேயே உள்ளது. 1990 முதல் மடு ஆலய வளவு ஆயிரக்கணக்கான அகதிகளின் முகாமாயிற்று. காவல் என்ற பழைய நம்பிக்கை புதிய வடிவிற் புத்துயிர் பெற்ற காலம் அது. சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே அங்கு கொட்டில் அமைத்து வாழ்ந்தனர். 1999 நவம்பர் 20ஆம் நாள் இரவில் ஆலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்தன. உள்ளே தஞ்சமடைந்திருந்தோரில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். மாதாவின் காலடியிலேயே காவல் தவறிய அந்த இரவை வன்னியின் சமய வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கொள்ளலாம். 2008 ஏப்பிரலிற் போர் அண்மித்தபோது, குருமார் திருவுருவத்தையே எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குச் சென்றனர். 1670இல் மக்கள் மாதாவைச் சுமந்து மடுவுக்கு வந்தனர். 338 ஆண்டுகளின் பின் அதே மாதா மடுவிலிருந்து அகதியானார். அவ்வாண்டு ஓகஸ்டிலே திருவுருவம் மடுவுக்குத் திரும்பிற்று. மக்களோ எதிர்த் திசையில், கிளிநொச்சியினூடாக முல்லைத்தீவுக் கடற்கரை நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தனர்.

அவர்களோடு சென்ற குருமாரின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. வவுனிக்குளம் பங்குத்தந்தை கருணாரத்தினம் அடிகள் 2008 ஏப்பிரல் 20ஆம் நாள் கிளைமோர்த் தாக்குதலிற் கொல்லப்பட்டார். உருத்திரபுரத்திலிருந்து மக்களுடன் நகர்ந்த சரத்ஜீவன் அடிகள் 2009 மே 18ஆம் நாள், போரின் இறுதி நாளில், உடல் தளர்ந்து உயிர்நீத்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகள் அதே நாளில் வட்டுவாகலிற் சரணடைந்தோருடன் சென்றார். அதன்பின் அவரைக் கண்டவரில்லை. அவர் விட்டுச்சென்ற விளக்கம் அச்செயலன்றி வேறில்லை. 1943இல் ஹம்பேர்க் நகர் குண்டுவீச்சில் எரிந்தபோது, அருகில் நின்ற தோழன் மாளத் தான் தப்பிய யூர்கன் மோல்ற்மன், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின், 1972இல், சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். வன்னிக்கு அத்தகைய கால அவகாசம் இன்னும் வாய்க்கவில்லை. பிறப்பிறப்பற்றவனே இறைவன் எனக் கொள்ளும் சித்தாந்த மரபுக்குத் துன்புறும் கடவுள் ஒவ்வாத கருத்து. ஆயினும் முள்ளிவாய்க்காற் பதுங்குகுழியிற் சைவனும் கிறித்தவனும் அருகருகே இருந்தபோது அத்தத்துவ வேறுபாட்டை எவர் எண்ணியிருப்பர்?

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. துன்புறுவோருடன் கடவுள் இருக்கிறார் என்ற கூற்று, துன்புறுவோரின் பெயரால் ஆயுதமேந்தியோருடன் கடவுள் இருக்கிறார் என்பதாக எளிதில் வழுவக்கூடியது. வன்னியிற் சிலவேளை அவ்வாறு வழுவவும் செய்தது. 2009இல் வலைஞர்மடம் ஆலயத்தில் ஒளிந்திருந்த இளைஞரைப் புலிகள் பலவந்தமாகக் கொண்டுசென்றதை நோக்குவோர்க்கு இது விளங்கும். மறுபுறம், ஓகஸ்ட் திருவிழாவில் மடுவுக்கு வரும் சிங்களக் கத்தோலிக்கரும் அதே மாதாவையே வணங்குகின்றனர். ஒரே பீடத்தின் முன் இரு மொழியிற் செபித்தோர், போரைப் பற்றி ஒரே சொல்லை ஒருமித்துக் கூற இயலாது போயினர். கடவுளைப் பற்றிய எந்த நவீன விளக்கத்தைக் காட்டிலும் இந்தத் தோல்வியே இலங்கைத் திருச்சபையை நெடுங்காலம் உறுத்தும் என்பது எனது கருத்து.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோராகக் கச்சேரிப் பதிவுகள் காட்டியோர் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேர் எங்கே என்பது அவர் வினா. அக்கணக்கை மறுத்துரைத்தோர் உளர். ஆனால் ஓர் ஆயர், கடவுளைப் பற்றிய பிரசங்கத்தின் இடத்தில் கழித்தற் கணக்கொன்றை வைத்தமை கருதத்தக்கது. 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். ஈராண்டுகளின் பின், 2017 மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் கிழக்குப் புனித சின்னப்பர் ஆலயத்தருகே இறந்தோரின் பெயர் பொறித்த கற்களை நாட்டக் குருமார் முனைந்தபோது நீதிமன்றத் தடை குறுக்கிட்டது. கற்களிற் பொறிக்கப்பட்டிருந்தவை பெயர்கள் மட்டுமே.